வில்லியனூரில் சைக்கிளுக்கு நட்ட பலகை

விடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கோதண்டம் விடிந்த பிறகுதான் வந்தான். அவன் என் வீட்டுக்காரருடைய கடைசித் தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது மூக்கு ஒழுக நின்றவனுக்கு இப்போது மீசையெல்லாம் வெள்ளை. எங்கள் குப்பத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர்களில் அவன்தான் மூத்தவன். கேரியரில் மீன் கூடை கட்டுகிற இடத்தில் கோணியை நாலாக மடித்துப் போட்டான்.

"ஏறு அண்ணி. கூடையவிட நீ கனம் கம்மிதான்."

"கூடை பேசாது. நான் பேசுவேன். அதையும் சேத்து மிதி" என்று ஏறி உட்கார்ந்தேன்.

கிருமாம்பாக்கத்திலிருந்து வில்லியனூருக்கு பஸ்ஸிலேயே போகலாம். புதுச்சேரிக்குப் போய் வேறு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் போனால் பஸ்காரன் கண்ணால்தான் ரோட்டைப் பார்க்க முடியும். நான் பார்க்கப் போனது சைக்கிள்காரன் ரோட்டை. அதனால்தான் இந்த வயதில் கேரியரில் ஏறினேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பம் கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோரம். பிடித்த மீனைப் பாகூருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நடுவில் கடலூர் ரோட்டைத் தாண்டியாக வேண்டும். பிரெஞ்சுக்காரன் இருந்த வரையில் தெற்கே எல்லையில் சுங்கச் சாவடிக் கட்டை இருந்தது. எல்லா பஸ்ஸும் லாரியும் அங்கே நின்று, மூட்டையை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கித்தான் எங்கள் பக்கம் வரும். இந்தியாவோடு சேர்ந்ததும் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். நல்லதுதான். என் தங்கை வீட்டுக்கு ஒரு கூடைக் கருவாடு கொண்டுபோக இனி எவன் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கட்டை போனதும் பஸ்ஸுக்குக் கால் முளைத்துவிட்டது. இரண்டு கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒருவன் பின்னால் ஒருவனாக விடுகிறார்கள்.

எங்கள் பையன்கள் ரோட்டையும் கடலைப் போலவே பார்த்தார்கள். கடலில் பெரிய அலை வரிசையாக வரும், அப்புறம் கொஞ்ச நேரம் தணியும். தணியும் நேரத்தில்தான் கட்டுமரம் கரையேறும். ரோட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பஸ் போயிற்றா, இனி தணிந்தது என்று மிதித்துவிடுவது வழக்கமாகிப் போயிற்று. என் மகன் பக்கிரியும் அப்படித்தான் மிதித்தான். இரண்டாவது பஸ்ஸின் புழுதிக்குள்ளிருந்து கரும்பு லாரி வந்தது. உயிர் தப்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுத்திருக்கிறான்.

அன்றைக்கே எங்கள் நாட்டார் பஞ்சாயத்தைக் கூட்டினார். நாட்டார் என்றால் குப்பத்துக்குத் தீர்ப்புச் சொல்கிற பெரியவர். மீன் சைக்கிள் இனி ரோட்டைத் தாண்டக் கூடாது, மீனையெல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிற கடலூர் லாரி வியாபாரிக்குப் போட்டுவிட வேண்டும், பௌர்ணமிக்குக் கூடும்போது இதையே நிரந்தரமாக்கலாம் என்று முடிவானது. அவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இன்னொரு பிள்ளையைத் துணியில் சுருட்டித் தூக்கிவர அவருக்கு மனசில்லை. ஆனால் லாரிக்காரன் சொன்னதே விலை என்று ஆகிவிட்டால், பாகூரில் வீடு வீடாக நாங்கள் சேர்த்து வைத்த வாடிக்கை அத்தனையும் போய்விடும். முப்பது வருஷம் தலையில் கூடையோடு அந்த ரோட்டைத் தாண்டியவள் நான். அதை எனக்கு மூட எவருக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி.

குப்பத்துக்கு வருகிற வளையல்காரர்தான் வில்லியனூரில் சைக்கிளுக்கு என்றே ஒரு பலகை நட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். நாட்டாரிடம் போய்ச் சொன்னேன். "இருந்தா பாத்துட்டு வா அஞ்சல. பாத்துட்டு வந்து பேசு" என்றார். பௌர்ணமிக்கு இன்னும் நாலே நாள்தான்.

காலை ஏழு மணி இருக்கும், பாகூர் ஏரிக்கரை வந்தது. ஏரியில் தண்ணீர் பாதிக்கு இருந்தது. கரைக்குக் கீழே நெல் வயல் கண்ணுக்கு எட்டின வரை பச்சை. ஊருக்குள் நுழைந்ததும் நடவுக்குப் போகிற பெண்கள் நாலு பேர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"இன்னாடி இது, பொண்ணழைப்பா?" என்றாள் ஒருத்தி.

"ஆமாண்டி. மாப்ள மிதிச்சி மிதிச்சி மூச்சு வாங்கறாரு, மோர் கொண்டா" என்றேன்.

கோதண்டத்துக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் என் பழைய வாடிக்கைக்காரி கண்ணம்மாவும் இருந்தாள். கரும்பும் நெல்லும் சொந்தமாக வைத்திருக்கிற குடும்பம். தன் வீட்டு நடவைத் தானே நின்று பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"உங்க மீன் எங்கக்கா? ஒரு வாரமா லாரி மீன்தான் வருது. ஐஸ்ல போட்டு வெச்சி, கண்ணு பூத்துப் போயி கீது. எங்க வூட்டுக்காரரு தட்டத் தள்ளி வுட்டுட்டாரு."

"இன்னும் நாலு நாள் பொறு" என்றேன்.

"நாலு நாள் கழிச்சி வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு அதைச் செய்தாக வேண்டியதாகிவிட்டது.

கடைத்தெருவில் ஆளுக்கொரு டீ குடித்தோம், ஒரு டீ ஓர் அணா. அங்கிருந்து வடக்கே திரும்பினோம். வில்லியனூருக்குப் பன்னிரண்டு மைல் என்றார் டீக்கடைக்காரர். இருபது கிலோமீட்டர் என்றார் பக்கத்தில் நின்றவர். இரண்டு பேரும் சண்டைக்கே போய்விட்டார்கள். இந்த வழியில் கொஞ்ச தூரம் நம் புதுச்சேரி மண், கொஞ்ச தூரம் தென்னாற்காடு ஜில்லா, மறுபடி நம் மண் என்று மாறி மாறி வரும். நம் மண்ணில் பிரெஞ்சுக்காரன் நட்ட கிலோமீட்டர் கல். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் நட்ட மைல் கல்.

"நம்ம கல்லு சீக்கிரம் சீக்கிரம் வந்துடுது அண்ணி. இவங்க கல்லு வரவே மாட்டேங்குது. நம்ம ஊருல மிதிச்சா வலியே தெரியல" என்றான் கோதண்டம்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்று கட்டுச்சோறு அவிழ்த்தோம். எனக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அவனிடம் சொல்லவில்லை. எம்பலம், மங்கலம் என்று ஊர்கள் போயின. சங்கராபரணி ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். சைக்கிளை அவன் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, அக்கரை சேர்ந்ததும் இரண்டு பேரும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டோம். அங்கிருந்தே வில்லியனூர்க் கோயில் கோபுரம் தெரிந்தது.

பதினோரு மணி சுமாருக்கு அந்தக் கூட்டுரோட்டை அடைந்தோம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற பெரிய ரோடும் ஊருக்குள்ளிருந்து வருகிற ரோடும் வெட்டிக்கொள்ளும் இடம். நெஞ்சு உயரத்துக்கு ஒரு பனங்கட்டை நட்டு, அதன் தலையில் சுழலும்படி ஒரு நீளக் கம்பு செருகியிருந்தார்கள். கம்பின் உச்சியில் முறம் அகலத்துக்கு ஒரு பலகை. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. இரண்டு பக்கமும் வெள்ளைச் சாயத்தில் ஒரு சைக்கிள் படம். எழுத்து ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்கு நாலு பஸ் போய்விடும், படம் போட்டவன் புத்திசாலி. கம்பில் அடியில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் பலகை திரும்புகிறது. விடியற்கால ஷிப்டுக்கு மாட்ட ஒரு பக்கம் சிவப்புக் கண்ணாடியும் ஒரு பக்கம் பச்சைக் கண்ணாடியும் வைத்த லாந்தரும் பக்கத்துக் கடையில் தொங்கியது. பலகைக்குக் கீழே ரோட்டின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு.

பலகைக்குக் காவல் ஒரு பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்ப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர். அந்த வெயிலிலும் காக்கிக் கோட்டைக் கழற்றவில்லை.

"இன்னா மதாம், ரோட்டு மேல நின்னுகினு கீற?" என்றார்.

"என் பேரு மதாம் இல்ல. அஞ்சலை. உங்க பலகையப் பாக்க கிருமாம்பாக்கத்துலேந்து வரேன்."

"சைக்கிள்லயா?" என்று கோதண்டத்தை மேலும் கீழும் பார்த்தார். "அவருக்கு மொதல்ல தண்ணி குடு. அப்பறம் பலகையப் பாரு."

மத்தியானம் இரண்டு மணிக்குப் புதுச்சேரி ஆலையில் ஷிப்டு மாறும். ஒரு மணியிலிருந்தே சுற்று ஊர்களிலிருந்து ஆலைக்காரர்கள் சைக்கிளில் வர ஆரம்பித்தார்கள். ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி தொங்க, ஒருவர், இரண்டு பேர், ஐந்து பேர். சொல்தா சிவப்பைக் காட்டி "ஆல்த்" என்று ஒரு குரல் கொடுத்தார். எல்லாரும் ஒரு காலை ஊன்றிச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவன் மட்டும் சந்தில் நுழைந்து போகப் பார்த்தான். சொல்தா வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்தவன் அவன் கேரியரைப் பிடித்து இழுத்தான். "டேய், உனக்கு மட்டும் தனி ஆலையா?" என்று கேட்டதும் கூட்டமே சிரித்தது. அவன் பின்னால் வந்துவிட்டான்.

விழுப்புரம் பஸ் ஒன்று வந்து கத்திக்கொண்டே போயிற்று. ஒரு மாட்டு வண்டி போயிற்று. ரோடு கொஞ்சம் விட்டதும் சொல்தா பலகையைத் திருப்பிப் பச்சை காட்டினார். "அல்லே" என்றார். நாற்பது சைக்கிளாவது இருக்கும். மொத்தமாக மிதித்தார்கள். அதற்குள் புதுச்சேரிப் பக்கமிருந்து இன்னொரு பஸ் வந்து, கூட்டத்தைப் பார்த்துப் பிரேக் போட்டு நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"யோவ் சொல்தா, டைம் ஆவுதுய்யா."

"உன் டைம் உன் கையில கீது. ஆலச் சங்கு என் கையில இல்ல" என்றார் சொல்தா, திரும்பிப் பார்க்காமல்.

கூட்டம் போன பிறகு கேட்டேன். "செவப்பு காட்டுனா பஸ்ஸு நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப எதுக்கு இந்தப் பலக?"

"இது பஸ்ஸுக்கு இல்ல. படத்தப் பாரு. சைக்கிள்காரனுக்கு. ஒருத்தன் ஒருத்தனா பூந்தா பஸ்காரனுக்கு நீ ஈ. நாப்பது பேரு சேந்து போனா நீ ஊர்வலம். ஊர்வலத்து மேல எவன் வுடுவான்?"

ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் ஆபீசில் சொல்லி எங்கள் ஊருக்கும் ஒன்று வாங்க முடியுமா என்று கேட்டேன். அதற்காகவே மடியில் ஒரு வெற்றிலைப் பாக்குப் பொட்டலமும் வைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நாங்களும் கேட்டுப் பாத்தோம். பழைய தொரைங்க மூட்ட கட்டிக்கினு கீறாங்க. புது ஆபீசருங்க இன்னும் மூட்டயப் பிரிக்கல. நடுவுல யாரு கையெழுத்துப் போடுவா? ஆலைக்காரங்களே பனங்கட்ட கொண்டாந்தாங்க. நான் சாயம் அடிச்சேன். நட்டுட்டோம்."

வெற்றிலையை அவருக்கே கொடுத்துவிட்டேன். எனக்கு மனசு விழுந்துவிட்டது. பலகையை ஆபீசில் தருவார்கள், கொண்டுபோய் நாட்டார் முன்னால் நிறுத்திவிடலாம் என்று நினைத்து வந்தவள் நான். இங்கேயானால் ஆலைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், சொல்தா இருக்கிறார். எங்களிடம் என்ன இருக்கிறது?

அடுத்த கூட்டம் சேர ஆரம்பித்தபோது சொல்தா வெற்றிலை போட உட்கார்ந்தார். "கொஞ்சம் நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"யூனிபாரம் இல்லாம தொடக் கூடாது."

"முப்பது வருஷமா கூடை சொமந்த சும்மாடு என் தலையில கீது. அதுதான் என் யூனிபாரம்."

அவர் வாயில் வெற்றிலை இருந்ததால் பதில் வரவில்லை. நான் கைப்பிடியைப் பிடித்தேன். சிவப்பு அவர்கள் பக்கம் இருந்தது. எதிரில் இருபது பேர் ஒரு காலை ஊன்றி என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வாடைக் காற்றுக் காலத்தில் அலைக்கு வெளியே கட்டுமரங்களை நிறுத்திக்கொண்டு, எங்கள் ஆட்கள் கரையில் நிற்கிற என் வீட்டுக்காரரின் துணியை இப்படித்தான் பார்ப்பார்கள். துணி மேலே இருந்தால் நில். துணி கீழே வீசினால் வா. அவர் போன பிறகு அந்தத் துணியை நாட்டார் பிடிக்கிறார். கடலில் எங்கள் ஆள் ஒருவனும் துணியை மீறமாட்டான்.

ரோடு விட்டதும் பலகையைத் திருப்பினேன். இருபது பேரும் போனார்கள். ஒருவர் போகிற போக்கில், "நம்ம சொல்தாவுக்கு இன்னைக்கி லீவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். ஆற்று மணலைத் தாண்டி மறுபடி ஏறிக்கொண்டதும் கேட்டேன்.

"கோதண்டம், கடல்ல அலைய எண்ணுறது யாரு?"

"கரையில நிக்கிறவரு. அண்ணன் இருந்த வரிக்கும் அண்ணன்."

"கட்டுமரத்துல கீறவன் எண்ண மாட்டானா?"

"அவன் எங்க எண்ணுறது? அலைக்குள்ள கீறவனுக்குப் பின்னாடி வர அலை தெரியாதே."

"ரோட்ல யாரு எண்ணுனது?"

அவன் மிதிப்பதை நிறுத்திவிட்டான். சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"அவனவன்" என்றான்.

மறுபடி மிதிக்க ஆரம்பித்தவன் பாகூர் வரும் வரையில் வேகத்தைக் குறைக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குக் கிருமாம்பாக்கம் கூட்டுரோட்டுக்கு மேற்கே வந்து சேர்ந்தோம். கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர்கள், பால்காரர், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று அவனவன் தன் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கம் லாரி நின்றது. லாரி வியாபாரியோடு எங்கள் நாட்டார் பேசிக்கொண்டிருந்தார்.

நான் கேரியரைவிட்டு இறங்கினேன். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துப் பிரித்தேன். நல்ல சிவப்புத் துணி, வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. கோதண்டத்தின் காற்றடிக்கிற பம்பில் அதைக் கட்டி, ரோட்டோரம் போய்த் தூக்கிப் பிடித்தேன்.

"எல்லாரும் நில்லுங்கபா. நான் சொல்ற வரிக்கும் ஒருத்தரும் போவக் கூடாது."

"இன்னா ஆயா, வேண்டுதலா?" என்றான் கரும்பு வெட்டுகிற ஒருவன்.

"ஆமா. உன் காலுக்கு."

சிரித்தார்கள். ஆனால் நின்றார்கள். கோதண்டம் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றது அதற்கு ஒரு காரணம். ஒரு பஸ் போயிற்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பஸ் போயிற்று. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாருக்கும் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. கோதண்டத்துக்குமே சாய்ந்தது, பார்த்தேன். நான் துணியைத் தாழ்த்தவில்லை. புழுதிக்குள்ளிருந்து கரும்பு லாரி ஒன்று வந்து, எங்கள் முகத்தில் காற்றடித்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

வடக்கே தூரத்தில் ஒரு பஸ் தெரிந்தது. தெற்கே ரோடு காலி. கூட்டம் பன்னிரண்டு, பதிமூன்று சைக்கிள் ஆகியிருந்தது. துணியைக் கீழே வீசினேன். மொத்தமாக மிதித்தார்கள், மணி அடித்துக்கொண்டு. வடக்கேயிருந்து வந்த பஸ் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டது. நான் கடைசியில் நடந்து தாண்டினேன், என் நடையில்தான். பஸ் காத்திருந்தது.

நாட்டார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"இன்னா அஞ்சல, பலகை கொண்டாரலயா?"

"அது அவங்க நட்டது, அவங்களுக்கு. நம்மகிட்ட துணி கீது. கடல்ல நீங்க காட்டற துணிக்கு நிக்கிறவன் ரோட்லயும் நிப்பான். மீன் சைக்கிள்ளாம் ஒண்ணா சேந்து வரட்டும். நாளைக்குக் காலைல நான் இங்க நிக்கிறேன்."

"பௌர்ணமி வரிக்கும் பொறுக்கக் கூடாதா?"

"மீன் பொறுக்காது."

எங்கள் பஞ்சாயத்தில் பெண் உட்கார்ந்து பேசக் கூடாது. அது பழைய ஏற்பாடு. ரோட்டில் பெண் நிற்கக் கூடாது என்று இதுவரை எவரும் தீர்ப்புச் சொன்னதில்லை. அவரும் அதைத்தான் யோசித்திருப்பார் போல. லாரி வியாபாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாட்டார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"சரி. காலைல நான் வந்து பாக்கறேன்" என்றார்.

"பாத்தா பத்தாது. இங்க புளியமரம் மறைக்குது. கிழக்க நிக்கிறவளுக்குத் தெக்கேந்து வரது தெரியாது. மேக்க ஒரு துணி வேணும். தோள்ல கீதே, அது போதும்."

அவர் தோளிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ப் பக்கிரியிடம் சொன்னேன். "நான் கூட்டத்துல நின்னா சலிச்சிப் போவுமே" என்றான். "நீ முதல்ல நில்லு" என்றேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது ரோட்டுக்கு மேற்கே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் துண்டோடு ஓர் ஆள் நின்றிருந்தார். எனக்கு முன்னால் வந்துவிட்டார். மண் ரோட்டில் எங்கள் சைக்கிள்கள் ஒரே கூட்டமாக வருகிற மணிச் சத்தம் கேட்டது. இரண்டு துணியும் மேலே போயின.

வில்லியனூரில் பலகை இருக்கிறது, சாயம் இருக்கிறது, லாந்தர் இருக்கிறது, சொல்தாவுக்குக் கோட்டு இருக்கிறது. எங்கள் கூட்டுரோட்டில் புதிதாக ஒன்றும் நட்டுவைக்கவில்லை. அங்கிருந்து ஒருவர் எங்கள் ஊரைப் பார்க்க வந்தால், என்ன பார்க்க வந்தோம் என்று தேடத்தான் வேண்டும். காலை ஆறரை மணிக்கு வந்தால் தெரியும். அன்றைக்குக் கண்ணம்மா வீட்டுக்கு வஞ்சிரம் போயிற்று. நாலு நாள் பொறு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரு நாளிலேயே போயிற்று.